ஸ்டேஜ் 1-க்கு ஓர் அஞ்சலி

ஜென்டூ லினக்ஸை அடிமட்டத்திலிருந்து நாமே கம்பைல் செய்து எழுப்பும் நிறுவல் முறைக்கு ஸ்டேஜ் 1 என்று பெயர். 2005 நவம்பரோடு அதற்கான அதிகாரபூர்வ ஆதரவு முடிந்தது. அன்று எனக்குப் பெரிய வருத்தம் ஏதும் இல்லை. ஒரு நிறுவல் முறை போனால் இன்னொன்று இருக்கிறது, வேலை நடக்கிறது என்றுதான் நினைத்தேன். அந்த முறையோடு கூடவே போனது என்ன என்று புரிய எனக்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தாமதமாக இந்த அஞ்சலி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான லினக்ஸ் வகைகள் சமைத்த சாப்பாடு போல வரும்; நிரல்கள் ஏற்கெனவே கம்பைல் ஆகியிருக்கும், நாம் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஜென்டூ அரிசியும் பருப்பும் தரும், சமைப்பது நம் வீட்டு அடுப்பில். அந்நாளில் எந்த நிரலைக் கேட்டாலும் அதன் மூலநிரலை இறக்கி, நம் கணினியின் செயலிக்கு ஏற்றபடி, நமக்கு வேண்டிய வசதிகளை மட்டும் சேர்த்து அங்கேயே கம்பைல் செய்யும். இதில் மூன்று படிகள் இருந்தன. ஸ்டேஜ் 3-இல் அடிப்படை அமைப்பு ஆயத்தமாக இருக்கும். ஸ்டேஜ் 2-இல் கம்பைலர் வரை ஆயத்தமாக இருக்கும். ஸ்டேஜ் 1-இல் கிடைப்பது ஒரு சிறு விதை. அதை வைத்துக்கொண்டு ஜிசிசி கம்பைலரையும், ஜிலிப்சி நூலகத்தையும், பின்யுட்டில்ஸையும் முதலில் நம் கணினியிலேயே புதிதாகக் கட்டவேண்டும். பிறகு அந்தப் புதுக் கம்பைலரால் மற்ற எல்லாவற்றையும். அடுப்பையே மண் குழைத்துப் போட்டுக்கொண்டு சமையலைத் தொடங்குவது மாதிரி.

இந்த அமைப்பின் பிறப்பிலேயே ஒரு வன்பொருள் கதை இருக்கிறது. டேனியல் ராபின்ஸ் ஈனாக் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். நீருக்குள் மிக வேகமாக நீந்தும் பென்குவின் இனத்தின் பெயரான ஜென்டூ பின்னால் வந்தது. நடுவில் அவருடைய சொந்தக் கணினியில் ஒரு பிழை தலைகாட்டியது. தீர்க்க வழியில்லாமல் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, சில மாதங்கள் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது அங்கே பார்த்த போர்ட்ஸ் முறையின் யோசனைகளையும் கொண்டுவந்தார். ஜென்டூவின் இதயமான, பொதிகளை நிர்வகிக்கும் போர்ட்டேஜ் அப்படித்தான் இன்றைய உருவத்துக்கு வந்தது. 2002 மார்ச் 31 அன்று 1.0 வெளியானது. அந்தப் பிழைக்கு அன்றே யாராவது தீர்வு சொல்லியிருந்தால் போர்ட்டேஜ் இந்த வடிவத்தில் வந்திருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் ஸ்டேஜ் 1 கதை 2004-இல் சென்னையில் தொடங்குகிறது. ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கி வந்து கூட்டிய ஏஎம்டி ஆத்லான் எக்ஸ்பி கணினி, 256 எம்பி நினைவகம், டயல்-அப் இணைப்பு. அந்த இணைப்பில் ஜிசிசியின் மூலநிரலை இறக்க உட்கார்ந்தால் தொலைபேசிக் கட்டணம் வீட்டில் சண்டையாக முடியும். அதற்கும் ஒரு வழி இருந்தது. போர்ட்டேஜின் எமர்ஜ் கட்டளையிடம் என்னென்ன கோப்புகள் வேண்டும் என்று முகவரிப் பட்டியலை மட்டும் எழுதித் தரச் சொல்லலாம். அதை ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கே எல்லாவற்றையும் இறக்கி, சிடியில் எழுதி வாங்கி வந்து, வீட்டுக் கணினியின் டிஸ்ட்ஃபைல்ஸ் அடைவில் கொட்டவேண்டும். ஒரு கோப்பு விட்டுப்போனால் மறுபடியும் நடை. அப்படி மூன்று நடை நடந்தேன்.

இந்த வழியைச் சொல்லித் தந்தவர் ஒரு அண்ணன். ஐஐடி மெட்ராஸின் விண்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சென்னை லினக்ஸ் பயனர் குழு கூடும். அங்கே பழக்கமானவர், ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் உதவி கேட்டுப் போன முதல் நாளே அவர் சொன்னது: “தம்பி, உன் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எழுதிட்டு வா. அப்புறம் பேசலாம்.”

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. விடை கேட்டுப் போனவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினால் என்ன தோன்றும்? ஆனாலும் எழுதினேன். எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை பிசிஐ தடத்தில் இணைந்துள்ள சில்லுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும். செயலியின் விவரம் ப்ராக் அடைவில் சிபியுஇன்ஃபோ என்ற கோப்பில் இருக்கும். மோடத்தின் பெயர் மட்டும் பிடிபடவில்லை. பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, அட்டையின் மேல் அச்சடித்திருந்த எண்ணைப் படித்து எழுதினேன். அதுவரை அந்தக் கணினி எனக்கு ஒரு பெட்டி. அன்று இரவு ஐடிஇ கட்டுப்படுத்தி எது, வலையட்டை எது, ஒலிச் சில்லு எது என்று ஒரு நோட்டுப் பக்கம் முழுக்க எழுதி முடித்தபோது, வீட்டு ஆட்களின் பெயரை ரேஷன் அட்டையில் எழுதிய மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் இல்லாமல் அமைப்பின் கருவான கெர்னலைக் கட்ட முடியாது. மேக் மெனுகான்ஃபிக் என்று அடித்தால் நீலத் திரையில் நூற்றுக்கணக்கான கேள்விகள் திறக்கும். இந்த வட்டுக் கட்டுப்படுத்தி உனக்கு உண்டா? இந்த வலையட்டை? இந்தக் கோப்பமைப்பு? ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம், தேவைப்படும்போது வட்டிலிருந்து ஏற்றும் மாட்யூலாக வேண்டும் என்று மூன்று விடைகளில் ஒன்றைச் சொல்லவேண்டும். ரியல்டெக் 8139 அட்டை வைத்திருப்பவன் வேறொரு அட்டைக்கு ‘வேண்டும்’ போட்டுவிட்டால் நெட் வராது. என்ஃபோர்ஸ் தாய்ப்பலகை வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அந்தச் சில்லின் வலைப் பகுதிக்கான ஆவணங்கள் வெளியே கிடைக்காததால், அது இயங்கும் விதத்தை வெளியிலிருந்தே ஆராய்ந்து தன்னார்வலர்கள் ஃபோர்ஸ்டெத் என்ற இயக்கியை எழுதித் தந்திருந்தார்கள். அதன் பெயர் தெரிந்தால் பிழைத்தீர்கள்.

மூன்றாம் நாள் இரவு எல்லாம் முடிந்து கணினியை முதல்முறை மீண்டும் தொடங்கினேன். திரையில் வரிகள் ஓடின, நின்றன. கெர்னல் பேனிக். ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று கடைசி வரி. அந்நாளில் திரையைப் படமெடுத்து அனுப்பும் வசதி என்னிடம் இல்லை. தரைவழித் தொலைபேசியில் அண்ணனைக் கூப்பிட்டேன். பாதித் தூக்கத்தில் எடுத்தார்.

“கடைசி வரியைப் படி.”

படித்தேன்.

“அடைப்புக்குள்ள என்ன நம்பர் இருக்கு?”

“பூஜ்ஜியம் கமா பூஜ்ஜியம்ணா.”

“அப்ப அதுக்கு வட்டே தெரியல. உன் நோட்டுல ஐடிஇ சில்லு பேரு எழுதியிருப்பியே, அதுக்கு நேரா கெர்னல்ல என்ன போட்ட?”

மாட்யூல் என்று போட்டிருந்தேன். மாட்யூல் இருப்பது வட்டில்; வட்டைத் திறக்கும் சாவியோ அந்த மாட்யூல். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. அவர் இதை விளக்கவில்லை. நானே சொல்லி முடிக்கும்வரை மறுமுனையில் பேசாமல் இருந்தார். பிறகு, “மூணு கமா மூணுன்னு வந்திருந்தா வேற கதை. வட்டு தெரியுது, கோப்பமைப்புதான் தெரியலன்னு அர்த்தம்” என்றார். 3 என்பது முதல் ஐடிஇ தடத்தின் எண், அடுத்த 3 அதில் மூன்றாவது பகிர்வு. இவ்வளவு செய்தியை அந்தச் சின்ன அடைப்புக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. இன்றுவரை எந்தப் பிழைச்செய்தியையும் நான் கடைசி எழுத்துவரை படிக்காமல் விடுவதில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஸ்டேஜ் 1 ஒரு வைத்தியராகவும் இருந்தது. கேடிஇ திரைச்சூழல் கம்பைல் ஆகும்போது ஜிசிசி நடுவில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தது. ஜிசிசியில் ஏதோ பிழை, வேறு பதிப்பு போடலாம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: “மறுபடி ஓட்டினா அதே ஃபைல்லதான் நிக்குதா?” ஓட்டிப் பார்த்தேன். வேறு கோப்பில் நின்றது. மூன்றாம் முறை இன்னொன்றில். “நிரல்ல பிழைன்னா ஒரே இடத்துல விழும். இடம் மாறி மாறி விழுந்தா இரும்புல கோளாறு” என்றார். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். இரண்டு நினைவகப் பட்டைகளில் ஒன்று பழுது. பல மாதம் பாட்டு கேட்டு, படம் பார்த்து, கடிதம் அடித்த கணினி அது. ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை. கம்பைலர் நினைவகத்தில் ஏராளமான முகவரிச் சுட்டிகளை நிரப்பி வேலை செய்யும். அதில் ஒரு பிட் புரண்டாலும் இல்லாத இடத்தைத் தொட்டு விழுந்துவிடலாம். மணிக்கணக்காக முழு மூச்சில் ஓடுவதால் செயலியின் சூடும் ஏறும். தூசி அடைத்த விசிறி, பலம் போதாத மின்வழங்கி எல்லாமே அப்போது வெளிச்சத்துக்கு வரும். மே மாதத்தில் சென்னையில் ஒரு ஸ்டேஜ் 1 முடித்த கணினி எதையும் தாங்கும்.

மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எமர்ஜுக்கு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் ரெஸ்யூம் என்றொரு சொல் இருந்தது, அது காப்பாற்றியது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஸ்டேஜ் 1-ஐ நிறுத்தியது தவறு என்று நான் சொல்லப்போவதாக நினைத்தால், இல்லை. நிறுத்தியவர்கள் சொன்ன நியாயம் சரியானது. ஸ்டேஜ் 3-ஐ இறக்கி, அமைப்புகளை மாற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி கம்பைல் செய்யச் சொன்னால் வந்து சேரும் இடம் கிட்டத்தட்ட அதேதான். ஸ்டேஜ் 1-இலோ ஒன்று இன்னொன்றைக் கேட்க, அது முதலாவதைக் கேட்க, சுற்றிச் சுற்றி வந்து சிக்கும் இடங்கள் நிறைய. உதவ வந்த தன்னார்வலர்களின் நேரம் அந்தச் சிக்குகளை அவிழ்ப்பதிலேயே போயிற்று. வேகத்துக்காக என்ற வாதமும் மெலிந்துகொண்டே வந்தது. 386-க்கும் 486-க்கும் பொதுவாகக் கம்பைல் செய்த நிரல்கள் ஆத்லானின் திறமைகளைத் தொடாமல் விட்ட காலத்தில் நாமே கட்டுவதில் பொருள் இருந்தது. 2003-இல் ஏஎம்டியின் 64 பிட் செயலிகள் வந்தபோது எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத்தொகுப்பு அடித்தளத்திலேயே சேர்ந்துவிட்டது. பொதுவாகக் கட்டியதே போதும் அளவுக்கு நன்றாக ஓடியது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. 2007-இல் வந்த ஜிசிசி 4.2-இல், இயங்கும் செயலியைத் தானே கண்டுகொள்ளும் நேட்டிவ் என்ற சொல் சேர்ந்தது. உன் செயலி என்ன என்ற கேள்வி அதோடு போயிற்று. 2020-இல் ஜென்டூவே ஆயத்தக் கெர்னலைத் தரத் தொடங்கியது. பெரும்பாலான இயக்கிகள் மாட்யூல்களாக இருக்கும், தொடக்கத்தில் ஏறும் சிறு அமைப்பு தேவையானதைத் தானே எடுத்துக்கொள்ளும், பூட்டிய வீட்டுச் சாவிப் பிரச்சினை கிடையாது. உன் சில்லு என்ன என்ற கேள்வியும் போயிற்று. 2021-இல் லினக்ஸ் 5.14 பழைய ஐடிஇ பகுதியையே நீக்கிவிட்டது. எனக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய மூன்று கமா மூன்று இன்று யாருக்கும் வராது. 2023 டிசம்பர் 29 அன்று, பொதுவான 64 பிட் கணினிகளுக்கும் ஆர்ம் 64-க்கும் ஆயத்தப் பொதிகளை இறக்கிக்கொள்ளலாம் என்று ஜென்டூ அறிவித்தது. மூலநிரலிலிருந்து கட்டும் வழி அப்படியே இருக்கிறது. வேண்டியவர் கட்டலாம், வேண்டாதவர் இறக்கலாம். நல்ல முடிவு. பழைய மடிக்கணினியில் பிரவுசர் கம்பைல் ஆக ஒரு பகலும் ஒரு இரவும் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

என் துக்கம் முறையைப் பற்றியதே கிடையாது. அந்த முறை இரண்டு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்தது. உதவி கேட்பவர் தன் கணினியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் எவராலும் உதவ முடியாது. உதவுபவர் கேள்வி கேட்டாகவேண்டும். கேட்காமல் அவராலும் முடியாது. ஒவ்வொரு கணினியும் வேறு வேறாக இருந்ததால் ஒருவருக்குச் சொன்ன விடை இன்னொருவருக்குச் செல்லாது. அதனால் விடைகள் கைமாறவில்லை, கேட்கும் விதம் கைமாறியது. அண்ணன் என்னிடம் கேட்ட அதே கேள்விகளை, அதே வரிசையில், இரண்டு வருடம் கழித்து நான் ஒரு கல்லூரிப் பையனிடம் கேட்டேன். அவன் முகத்தில் என் பழைய கோபத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தான்.

வன்பொருளுக்கு ஆதரவு என்று நாம் எழுதுவதெல்லாம் கடைசியில் இதுதான்: அந்த இரும்பைத் தன் மேசைமேல் வைத்திருக்கும் ஒரு ஆள், கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருப்பது. இட்டானியம் செயலியின் முடிவைப் பாருங்கள். இன்டெலும் எச்பியும் சேர்ந்து வளர்த்து 2001-இல் சந்தைக்கு விட்ட செயலி. 2021-இல் கடைசிச் சரக்கு போயிற்று. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7-இல் அதன் நிரல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜென்டூவும் கைவிட்டது. அந்த இயந்திரத்தை ஓட்டி, உடைந்ததைப் பார்த்துச் சொல்லி, திருத்திக் காட்டப் போதுமான கைகள் மிஞ்சவில்லை.

போன மாதம் தெரிந்த பெண் ஒருத்தி ஜென்டூ போட்டிருப்பதாகச் சொன்னாள். வைஃபை வேலை செய்யவில்லை. நான் பழக்கத்தில், “எந்தச் சில்லு?” என்றேன். அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதாகவும் இருக்கவில்லை. லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியைப் போடு என்றேன். போட்டாள், வந்துவிட்டது. நன்றி அங்கிள் என்று செய்தி அனுப்பினாள். மொத்தம் இரண்டு நிமிடம். அவளுக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் அவள் இன்னொருவருக்குச் சொல்லப்போவதும் அந்தப் பொதியின் பெயரை மட்டுந்தான். அது பலிக்காத நாளில் அவளிடம் அடுத்த கேள்வி இருக்காது.

அந்த நோட்டுப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கணினி போய்ப் பல வருடமாகிறது. அண்ணனை அண்மையில் பார்த்தேன். அவரே இப்போது ஆயத்தப் பொதிகளைத்தான் இறக்குகிறார். வயது, வேலை, பேரன் என்று காரணங்கள். ஆனால் என் புது மடிக்கணினியைப் பற்றிப் பேச்செடுத்ததும், “உள்ள என்ன இருக்கு?” என்றுதான் ஆரம்பித்தார். சொன்னேன். இருபது நிமிடம் பேசினோம்.

இன்று ஜென்டூவை இறக்கப் போகிறவருக்கு அந்த மூன்று படிகளில் கிடைப்பது ஸ்டேஜ் 3 மட்டும். அதைத் தயாரிக்கும் கேட்டலிஸ்ட் என்ற கருவி, பழைய ஸ்டேஜ் 3 ஒன்றை விதையாக வைத்து, முதலில் ஒரு ஸ்டேஜ் 1-ஐக் கட்டுகிறது. பிறகு அதிலிருந்து புதிய ஸ்டேஜ் 3-ஐ. இந்த வாரமும் ஜென்டூவின் சேவையகங்களில் அது கட்டப்படுகிறது. பதிவிறக்கப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை.